தங்கச் சுரங்கத்துத் தாய்மாமன்

எங்கள் மலைநாட்டில் யாரைக் கேட்டாலும் தாத்தா கணக்கப்பிள்ளையாகத்தான் இருந்திருப்பார். எல்லாத் தாத்தாவும் கணக்கப்பிள்ளை என்றால் இத்தனை மலையிலும் தேயிலைக் கொழுந்து எடுத்தது யார் என்று பத்தாம் வகுப்பில் வரலாறு படிப்பிக்கும்போது ஒருநாள் கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு என் அப்பா கந்தப்பன் கணக்கப்பிள்ளையாகி மூன்று மாதமாகியிருந்தது. அவர் இறந்து பதினொரு வருடம்.

அந்தப் பதவியை அவருக்குக் கொடுத்தது நான்தான். ஹட்டனில் எங்கள் வீட்டு ஹோலில், கேக் தட்டுக்கும் தேத்தண்ணிக் கோப்பைக்கும் நடுவில் அது நடந்தது. மகள் நிலக்ஷியும் நிரஞ்சனும் கண்டியில் ஒரே வங்கியில் வேலை. ஒருவரையொருவர் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சொல்லி, வத்தளையிலிருந்து அவனுடைய அப்பாவும் அம்மாவும் பார்க்க வந்திருந்தார்கள். அம்மாவின் பெயர் அழகேஸ்வரி. சேலை மடிப்புக்கூட ஒழுங்கு தவறாத பெண்மணி. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "டீச்சரோட அப்பா என்ன செஞ்சாங்க?" என்று கேட்டார்.

"கல்லுமலைத் தோட்டத்துல கணக்கப்பிள்ளையா இருந்தாங்க."

வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது. பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிறவர் கணக்கப்பிள்ளை. அவருக்குத் தனி வீடு, தனிக் கக்கூஸ். எங்கள் அப்பாவுக்கு லயத்து வரிசையில் ஒற்றை அறைக் காம்பரா, பத்து வீட்டுக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ். ஒரு சொல்லில் நான் அவருக்குக் கக்கூஸ் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு தம்பி. கத்தார்ல."

ஏன் கத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பையன் அந்த வாரம்தான் கத்தாருக்குப் போயிருந்தான். அதனால் இருக்கலாம்.

"நல்லது. தாய்மாமன் இல்லாம பொண்ண மணவறைக்கு யாரு கூட்டிட்டு வர்றது? இப்பவே லீவு போடச் சொல்லி வையுங்க," என்றார் அழகேஸ்வரி. என் கணவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ கவனமாகப் பார்த்தார். நிலக்ஷி கேக் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

தம்பி கஜேந்திரன் கத்தாரை வரைபடத்தில்கூடப் பார்த்திருக்கமாட்டான். பூண்டுலோயாவுக்கு மேலே அதே கல்லுமலைத் தோட்டத்தில், நாங்கள் பிறந்த அதே காம்பராவில் இருக்கிறான். நிலக்ஷி வயசுக்கு வந்தபோது ஒன்பது சீர்த்தட்டையும் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்தவன். தட்டிலிருந்த வாழைப்பழம் நசுங்கிவிட்டதென்று அன்று முழுவதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான். அவனைத்தான் நான் ஒரு நொடியில் விமானம் ஏற்றிவிட்டேன்.

அவனுடைய வேலை தங்கச் சுரங்கம் காட்டுவது.

தோட்டத்துத் துரை பங்களா ஹோட்டலாகி ஐந்தாறு வருடமாகிறது. அறையில் தங்குகிறவர்களுக்கு நீர்வீழ்ச்சியும் தேயிலையும் அலுத்துப் போகுமே என்று யோசித்த யாரோ, மலைக்குள் போகும் பழைய குகையைக் கண்டுபிடித்தார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரத் துரை பாறையில் மினுமினுப்பதைப் பார்த்துத் தங்கமென்று நம்பி, ஆட்களை விட்டு மூன்று வருடம் குடைந்தாராம். கிடைத்ததெல்லாம் காக்காப்பொன். கடைசியில் தண்ணீர் வந்தது. துரை கப்பலேறிப் போய்விட்டார், தண்ணீர் மட்டும் தங்கிவிட்டது. அதைக் குழாய் வைத்து லயத்துப் பீலிக்கு இழுத்தார்கள். எங்களுக்கு அது தண்ணிக் குகை. குளிப்பதும் குடிப்பதும் அந்தப் பீலியில்தான். உள்ளே சேரும் சேற்றை வாரி வெளியே கொட்டுவது அப்பாவின் வேலை. 'தண்ணிக்காரக் கந்தப்பன்' என்பதுதான் அவருடைய பட்டம். சேற்றோடு வரும் காக்காப்பொன் தகடுகளை நானும் தம்பியும் நெற்றியில் ஒட்டிக்கொண்டு ராஜா ராணி விளையாடுவோம். இப்போது அந்த வாசலில் மூன்று மொழியில் பலகை இருக்கிறது. மூன்றிலும் தங்கம் இருக்கிறது, தண்ணீர் இல்லை.

நிச்சயத்துக்கு நாள் குறிக்க அவர்கள் மறுபடியும் வந்து நுவரெலியாவில் தங்கியபோது, எங்காவது போய்வரலாம் என்று பேச்சு வந்தது. "தங்கச் சுரங்கம் போவோம், ஒன்லைன்ல டிக்கட் போட்டாச்சு," என்றாள் நிலக்ஷி.

குசினிக்குள் அவள் கையைப் பிடித்தேன். "மாமா அங்கதானேடி வேல செய்யுறான்?"

"தெரியும். அதுக்குத்தான் போட்டேன்."

"ஒனக்கு இந்தக் கல்யாணம் வேணாமா?"

"வேணும். மாமாவும் வேணும். நீங்களே யோசிச்சு முடிவெடுங்க," என்று வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். என்னிடமிருந்து படித்த அமைதி அது. என் மேலேயே வந்து விழுந்தது.

தம்பிக்குப் போன் செய்தேன். "நாளைக்கு லீவு போட ஏலுமாடா?"

"ஏலாதுக்கா. நாளைக்கு நாலு குரூப்பு."

விஷயத்தைச் சொன்னேன். கணக்கப்பிள்ளை, கத்தார் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டான். பிறகு சிரித்தான். "கத்தார்ல எனக்கு என்னா வேல?"

"சூப்பர்வைசர்."

"அப்பாவுக்கும் புரமோசன், எனக்கும் புரமோசன். ஒங்களுக்கு மட்டும் டீச்சர் வேலயே போதும்னு விட்டுட்டீங்களேக்கா. சரி, வாங்க. ஒங்கள தெரியாத மாதிரி இருந்துக்கிறேன்."

"முடியுமாடா?"

"டெய்லி தங்கமே இல்லாத குகையில தங்கம் காட்டுறேன். ஒரு அக்காவ மறைக்க ஏலாதா?"

அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கோபத்துக்குப் பதில் சொல்லிப் பழக்கமிருக்கிறது. ஒத்துழைப்புக்கு என்ன சொல்வது?

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. அழகேஸ்வரியின் கணவருக்கு முழங்கால் வலி. என் கணவர் அவருக்குத் துணையாக ஹோட்டல் தேத்தண்ணிக் கூடத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அவருக்கு வலி எதுவும் இல்லை, தைரியம்தான் இல்லை. சுரங்கத்துக்குப் புறப்பட்டது நாங்கள் நாலு பேர்: நான், அழகேஸ்வரி, பிள்ளைகள் இரண்டு பேர்.

காக்கிச் சட்டையும் மஞ்சள் ஹெல்மெட்டுமாகத் தம்பி நின்றுகொண்டிருந்தான். நெஞ்சில் 'கஜ்' என்று ஒரு பட்டி. வெள்ளைக்காரர் வாயில் நுழையாதென்று ஹோட்டல்காரர்கள் அவன் பெயரில் பாதியை வெட்டியிருந்தார்கள்.

"வாங்க மேடம். பாதை வழுக்கும், பாத்து வாங்க."

'மேடம்' என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னான். குரலில் ஒரு சிறு தடுக்கல்கூட இல்லை. நான் கேட்டதைத்தான் செய்தான், நான் கேட்டதைவிட நன்றாகவே செய்தான். இருந்தும் எனக்குச் சுருக்கென்றது. கொஞ்சமாவது திணறியிருக்கலாமே என்று மனசு எதிர்பார்த்தது. நாம் ஒருவரை மறுக்கிறபோது அவர் அதற்குக் கஷ்டப்பட வேண்டும் என்றும் ஆசைப்படுகிறோம். மறுப்பது நாம், அழுவது அவர் என்று வேலையைப் பிரித்துக் கொடுக்கிறோம். பெரட்டுக் களத்துப் புத்திதான், வேறென்ன.

தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. பாதித் தூரம் போகவில்லை, "ஐயோ, அட்டை!" என்று அழகேஸ்வரி காலைத் தூக்கினார். செருப்பு வாருக்கும் விரலுக்கும் நடுவில் நெளிந்துகொண்டிருந்தது. நிரஞ்சன் பையைத் திறந்து சேனிடைசர் போத்தலைத் தேடினான். அவன் எடுப்பதற்குள் நான் குனிந்து, விரலில் எச்சில் தொட்டு, அட்டையை இரண்டு உருட்டு உருட்டிச் சுண்டிவிட்டேன். நிமிர்ந்தபோது அழகேஸ்வரி அட்டை விழுந்த இடத்தைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சருக்கு நல்ல பழக்கம் போல."

"ஸ்கூல் ட்ரிப் போறப்போ பிள்ளைங்களுக்கு எடுத்து எடுத்துப் பழகிட்டுது," என்றேன்.

"ஓமோம், ட்ரிப்புல பழகத்தான் செய்யும்," என்றார்.

குகை வாசலில் தம்பி துரையின் கதையைச் சொன்னான். அவனுக்குக் கைட் தமிழ் ஒன்று வந்திருந்தது. பாதி வானொலிச் செய்தி, பாதி கோயில் ஒலிபெருக்கி. "இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க சுரங்கத்தின் ஆழத்தில் இன்னும் தங்கம் இருப்பதாக நம்பப்படுகிறது."

"உண்மையா இருக்கா தம்பி?" என்று அழகேஸ்வரி கேட்டார்.

"இருக்குன்னு நம்புறாங்க மேடம்."

"யாரு நம்புறாங்க?"

"டிக்கட் எடுத்தவங்க."

அழகேஸ்வரி வாய்விட்டுச் சிரித்தார். அதுவரை அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவருக்கு அவனைப் பிடித்துவிட்டது என்று தெரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. யாரோ ஒரு கைட்டைப் பார்த்து ஏன் பெருமைப்படுகிறாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

உள்ளே குனிந்து நடந்தோம். காலடியில் முன்பு தண்ணீர் ஓடிய இடத்தில் பலகை அடித்திருந்தார்கள். வாடை மட்டும் மாறவில்லை. அப்பாவின் சட்டையில் இருந்த அதே ஈரக் கல் வாடை. தம்பி டோர்ச்சைச் சுவரில் அடிக்க, பாறை முழுவதும் மின்னியது. "அழகா இருக்கு," என்றான் நிரஞ்சன். "காக்காப்பொன்," என்றாள் நிலக்ஷி, என் பக்கம் திரும்பாமலே.

குகை ஒடுங்கும் இடத்தில் சுவரில் ஒரு மம்பட்டி தொங்கியது. பிடி உளுத்து, இரும்பு தேய்ந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அப்பா பிடித்த மம்பட்டி.

அந்த மம்பட்டியின் கதையை எங்கள் லயத்தில் எல்லாரும் அறிவார்கள். எனக்கு ஒன்பது வயது. ஒருநாள் காலையில் அப்பா உள்ளே சேறு வாரிக்கொண்டிருந்தபோது கூரை சரிந்தது. பகல் முழுவதும் ஆட்கள் கல்லைப் புரட்டினார்கள். பின்னேரம் அப்பா ஒரு பொந்து வழியாகத் தவழ்ந்து வெளியே வந்தார். உடம்பெல்லாம் சேறு, கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடினாள். அவளுக்கு முன்னால் கணக்கப்பிள்ளை போய்விட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி: "தோட்டத்து மம்பட்டி எங்கடா?"

அப்பா திரும்பிப் பொந்துக்குள் போய் மம்பட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். சாகும்வரை இதை ஒரு பகிடியாகத்தான் சொன்னார். "அன்னைக்கு மம்பட்டி செத்திருந்தா என்னைய உயிரோட விட்டிருக்கமாட்டான்" என்பார்.

தம்பி கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினான்.

"ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தஞ்சுல இந்த இடத்துலதான் கூரை சரிஞ்சுது. ஒரு தொழிலாளி உள்ள மாட்டிக்கிட்டாரு. எல்லாரும் உள்ள போகப் பயந்தாங்க. அப்ப இந்தத் தோட்டத்துல கந்தப்பன்னு ஒரு கணக்கப்பிள்ளை இருந்தாரு."

அழகேஸ்வரி என் கையைத் தொட்டார். "டீச்சர், ஒங்க அப்பாவா?"

தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

"தங்கமான மனுசன் மேடம். வெள்ளை வேட்டியோட, இந்த மம்பட்டிய எடுத்துக்கிட்டு அவரே உள்ள போனாரு. தொழிலாளிய தோள்ல தூக்கிட்டு வந்தாரு. வெளிய வந்து அவர் கேட்ட மொதக் கேள்வி என்னா தெரியுமா? 'பிள்ளை சாப்பிட்டானா?'"

சரியான இடத்தில் குரலைத் தாழ்த்தினான், சரியான இடத்தில் நிறுத்தினான். அழகேஸ்வரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். நிலக்ஷி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அப்பாவுக்குப் பதவி மட்டும்தான் கொடுத்தேன். அவன் அவரை அவரே தூக்கிச் சுமக்க வைத்துவிட்டான். அவரை மண்ணுக்குள் திருப்பி அனுப்பிய ஆளின் வேட்டியை அவருக்குக் கட்டிவிட்டான். எனக்காகத்தான் செய்தான். நான் கேட்கவில்லை, ஆனால் நான் கேட்டதிலிருந்து அது ஒரு எட்டுத் தூரம்தான்.

"இப்ப ஒரு நிமிசம் லைட்ட நிப்பாட்டுவேன்," என்றான். "அந்தக் காலத்து இருட்டு எப்படி இருந்துச்சுன்னு பாருங்க. யாரும் நடக்க வேணாம்."

இருட்டு விழுந்தது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். எங்கேயோ நீர் சொட்டியது. அவன் என்னிடமிருந்து மூன்றடி தூரத்தில் நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். கஜா என்று மெதுவாகக் கூப்பிட்டால் போதும். இருட்டில் சொன்னால் யார் சொன்னதென்று தெரியாது என்றும் யோசித்தேன். உண்மையைக்கூட யாருக்கும் தெரியாமல் சொல்ல வழி பார்க்கிற புத்தி. அப்போது ஒரு கை வந்து என் கையை இறுகப் பற்றியது. தம்பிதான். சின்ன வயதில் இதே குகையில் பயந்தால் இப்படித்தான் பிடிப்பான். நானும் இறுகப் பிடித்துக்கொண்டேன். மன்னிச்சிருடா என்று விரலாலேயே சொன்னேன்.

வெளிச்சம் வந்தது. என் கையைப் பிடித்திருந்தது அழகேஸ்வரி. தம்பி அந்தப் பக்கம் சுவிட்சின் மேல் கை வைத்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்தால் படம் பிடிக்கிற இடம். சுரங்கம் பார்த்தவர்கள் கொழுந்துக்காரிபோல வேஷம் போட்டுப் படமெடுத்துக்கொள்ளலாம். ஒரு கூடை, அதைத் தலையில் மாட்டக் கயிறு, இடுப்பில் கட்டப் படங்கு. சேலை நனையாமல் கட்டிக்கொள்ளும் அந்தத் தடித்த விரிப்பைக்கூடக் கழுவி மடித்து வைத்திருந்தார்கள். நிலக்ஷி படங்கைக் கட்டத் தெரியாமல் துவாய்போலச் சுற்றினாள். அது வழிந்து விழுந்தது. நிரஞ்சன் சிரித்தான்.

"இங்க கொண்டா," என்றார் அழகேஸ்வரி.

கைப்பையை நிரஞ்சனிடம் கொடுத்தார். சேலையை ஒரு இழுப்பில் முழங்காலுக்கு ஏற்றிச் செருகினார். படங்கை விரித்து, உதறி, இடுப்பில் சுற்றி, கயிற்றை முன்னால் கொண்டுவந்து ஒரு முடிச்சு. கண் கீழே போகவேயில்லை. கூடைக் கயிற்றுக்கு அடியில் வைக்கத் துண்டை நாலாய் மடித்து உச்சியில் வைத்தார். கூடையை முதுகில் போட்டு, கழுத்தை ஒரு வெட்டு வெட்டிக் கயிற்றைச் சரியான இடத்தில் உட்கார வைத்தார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. பிறகு கை தானாகப் பக்கத்துச் செடிக்குப் போய், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, பார்க்காமலே தோளுக்குப் பின்னால் கூடைக்குள் போட்டது.

படமெடுக்க யாரும் போனைத் தூக்கவில்லை. நிரஞ்சன் தன் அம்மாவை முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"தம்பி எந்தப் பக்கம்?" என்று அழகேஸ்வரி தம்பியைக் கேட்டார். "மேக்கணக்கா, கீக்கணக்கா?"

தோட்டத்தின் மேல் டிவிசனையும் கீழ் டிவிசனையும் தோட்டத்து ஆட்கள் மட்டும் சொல்லும் சொல் அது. வத்தளையில் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

"கீக்கணக்கு லயம், மேடம்," என்றான் தம்பி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். அன்றைக்கு முதல் தடவையாக, கைட்டாக இல்லாமல் பார்த்தான். அவன் தன் பங்கைச் சொல்லிவிட்டான், அழகேஸ்வரியின் பங்கை அவர் கை சொல்லிவிட்டது. மிச்சம் இருந்தது என்னுடையது மட்டும். இனிப் பயப்பட ஒன்றுமில்லை. பயமில்லாதபோதுகூட வாய் வரவில்லை என்றால் அதற்கு என்ன பெயர்?

"நேரமாயிட்டுது. அங்க ரெண்டு பேரும் தனியா இருப்பாங்க," என்றேன்.

தம்பி தலையாட்டிவிட்டுக் கூடையை வாங்கி வைத்தான்.

திரும்பும் பாதையில் பிள்ளைகளை முன்னால் போகவிட்டு அழகேஸ்வரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், ஒங்க தம்பி கத்தார்ல என்னா வேல?"

"சூப்பர்வைசர்."

"சுரங்கத்துலயா?"

நான் நின்றுவிட்டேன்.

"நீங்க அட்டைய உருட்டுனீங்களே, அப்பவே எனக்கு வெளங்கிட்டுது. கணக்கப்பிள்ளை வீட்டுப் பொண்ணு அட்டையக் கண்டா கத்தும். எச்சி தொட்டு உருட்டாது. அப்புறம் அந்தத் தம்பி மூக்கு. நிலக்ஷி மொகத்துல இருக்கிற அதே மூக்கு." அவர் குரல் மாறியிருந்தது. வத்தளைத் தமிழைப் படங்கோடு கழற்றி வைத்துவிட்டு வந்ததுபோல இருந்தது. "எங்க வீட்டுக்காரரும் அவங்க ஆளுங்ககிட்ட எங்க அப்பாவக் கணக்கப்பிள்ளைன்னுதான் சொல்லி வச்சிருக்காரு. இறம்பொடைக்கு மேல எட்டு வருசம் கொழுந்து எடுத்தேன் டீச்சர். அப்ப என் பேரு அழகம்மா. ஈஸ்வரி கொழும்புக்குப் போன பொறகு ஒட்டிக்கிட்டது."

"நிரஞ்சனுக்குத் தெரியாதா?"

"இன்னைக்கு வரைக்கும் தெரியாது." ஏற்றிச் செருகியிருந்த சேலையை இறக்கி விட்டுக்கொண்டார். "அந்தத் தம்பியே மாமனா வந்து நிக்கட்டும். பேச்சும் நல்லா இருக்கு, ஆளும் நல்லா இருக்கு. ஆனா கத்தார்லருந்து வந்ததாவே இருக்கட்டும். எங்க வீட்டுக்காரர் பக்கத்து ஆளுங்க வாய் சும்மா இருக்காது. ஒரு நல்ல கோட்டு, கொஞ்சம் சென்ட்டு, போதும். என்னா சொல்றீங்க?"

எனக்கு வந்தது நிம்மதிதான். பொய் சொல்லக்கூடாது. மார்பிலிருந்து ஒரு கல்லை எடுத்ததுபோல இருந்தது. உண்மை வெளியே வந்து நாங்கள் இரண்டு பேரும் அதன் முகத்தைப் பார்த்தோம். உடனே சேர்ந்து அதற்கு ஒரு கோட்டு அளவெடுத்துவிட்டோம். முன்பு தனியாகச் சொன்ன பொய்க்கு இப்போது துணை கிடைத்திருந்தது. சம்பந்தம் என்பது இதுதானோ?

"சரிங்க," என்றேன்.

"அப்ப போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் மெதுவா நடக்கிறேன்."

நான் திரும்பி மேலே ஏறினேன். என்ன சொல்வது என்று வழிநெடுகக் கோர்த்துக்கொண்டு போனேன். கஜா, எல்லாம் சரியாகிவிட்டது. நீ வரலாம். உனக்கு அளவான கோட்டு நான் வாங்கித் தருகிறேன். விமான நிலையத்தில் வாங்கிய மாதிரி ஒரு பையும்.

குகை வாசலில் அடுத்த குரூப் நின்றது. ஆறேழு வெள்ளைக்காரர்கள். இன்னும் உள்ளே போகவில்லை. எங்களுக்குக் காட்டும்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மம்பட்டியைத் தம்பி வெளியே எடுத்து வந்து கையில் வைத்திருந்தான். ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய ஆங்கிலத்தில் வினைச்சொல் எல்லாம் லீவில் போயிருந்தது, ஆனால் எல்லாம் விளங்கியது. ஒரு மனிதன் சேற்றோடு தவழ்ந்து வெளியே வருகிறான். அவனுடைய மனைவி ஓடி வருகிறாள். அவளுக்கு முன்னால் கணக்கப்பிள்ளை வருகிறார். தம்பி நெஞ்சை நிமிர்த்தி, மீசையை முறுக்கி, தமிழிலேயே கத்தினான்: "தோட்டத்து மம்பட்டி எங்கடா?" வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு அந்த மனிதன் திரும்பி உள்ளே போனதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை.

"அது என்னுடைய அப்பா," என்றான்.

ஒரு நொடிகூடத் தாழ்த்தாத குரல். முன்பின் தெரியாதவர்களிடம் அப்பாவை அப்பாவாகவே கொடுத்தான். ஒருநாளைக்கு நாலு தடவை. எனக்கு மட்டும்தான் வேறு கதை சொன்னான்.

நரைத்த தலைமயிருள்ள ஒரு பெண் அவனிடம் குடும்பத்தைப் பற்றிக் கேட்டாள். கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்களா?

"ஒரே ஒரு அக்கா," என்றான் தம்பி. "கத்தாரில் இருக்கிறார்."

"வருவதுண்டா?"

"லீவு கிடைத்தால்."

அப்போதுதான் என்னைக் கண்டான். மம்பட்டியை மெதுவாகக் கீழே வைத்தான். முகத்தில் கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. மேடம் எதையாவது விட்டுவிட்டுப் போயிருப்பார் என்று கையுதவிக்குத் தயாராக நின்றான். கோட்டு என் நாக்கு நுனியில் இருந்தது.

"கஜா," என்றேன். "வந்துட்டேன்டா."

வெள்ளைக்காரர்கள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். நெற்றியில் அதன் தடம் சிவப்பாக இருந்தது.

"மை சிஸ்டர்," என்றான் அவர்களிடம். "ஃப்ரொம் கத்தார்."

'ஓ' என்று சந்தோஷத்தில் ஒரு சத்தம். நாலைந்து போன்கள் உயர்ந்தன. கட்டிப்பிடிக்கச் சொல்லி அந்த நரைத்த பெண் கையால் காட்டினாள். எங்கள் லயத்தில் அக்காவும் தம்பியும் கட்டிப்பிடிக்கிற வழக்கமில்லை. இரண்டு பேரும் பெரட்டில் நிற்பதுபோலப் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். படத்துக்காகச் சிரித்துக்கொண்டே, உதடு அசையாமல், அவன் கேட்டான்.

"எத்தன நாள் லீவுக்கா?"

கல்யாணம் முடியும் வரைக்கும் என்பதுதான் நான் கொண்டுவந்த பதில். அதை விழுங்கினேன்.

"தெரியலடா," என்றேன்.

நான் என்ன சொன்னேன் என்று வெள்ளைக்காரர்கள் ஆவலாகக் கேட்டார்கள். தம்பி ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டான். தொண்டையைச் செருமினான்.

"இனிமேல் திரும்பிப் போகமாட்டாராம்," என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தான்.

எல்லாரும் கை தட்டினார்கள்.